நீர் திரும்பும் நேரம்: வெப்பமண்டல மீனவக் கிராமங்களில் ஓதத்தோடு பழகிய அனுபவங்கள்

சான்சிபாரின் கிழக்குக் கரையில் பணியாற்றியவர்:

தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில், ஜம்பியானிக்கு அருகிலுள்ள ஒரு மீனவக் கிராமத்தில், கடற்பாசிக் கொள்முதல் தொடர்பான பணிக்காகச் சில காலம் தங்கியிருந்தேன். அங்கே பவளப்பாறைத் தொடர் கரைக்கு இணையாக நீண்டு கிடக்கிறது. அதற்கும் மணலுக்கும் இடையில் ஆழமற்ற, அகன்ற காயல். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாள்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 4 மீட்டர் வரை ஏறி இறங்கும். அட்டமியை ஒட்டிய நாள்களில் அந்த வேறுபாடு மிகவும் சுருங்கிவிடும். பெரிய ஓதத்தின்போது காயலின் பெரும்பகுதி வற்றி, காலையில் மிதந்துகொண்டிருந்த படகுகள் தம் இருபுறத் துணைக்கட்டைகளின்மேல் சாய்ந்து மணலில் கிடப்பதைப் பார்க்கலாம்.

புதிதாக வருபவர்கள் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், பெரிய ஓத நாள்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு கரையில் அவற்றின் கீழ்மட்டம் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். அந்தக் கரையில் அது முற்பகலிலும், மறுபடி இரவிலும் வருகிறது. 1989 இல் வணிக அளவில் தொடங்கிய கடற்பாசி வளர்ப்பு அங்கே பெரும்பாலும் பெண்களின் தொழிலாக நிலைத்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்பது என் கருத்து. மாதத்தில் இருமுறை, நல்ல வெளிச்சத்தில், முழங்காலளவு நீரில் நின்று முளைக்குச்சிகளுக்கு இடையே கட்டிய கயிறுகளைப் பார்வையிட அவர்களுக்குச் சில மணி நேரம் கிடைக்கிறது. இடைப்பட்ட நாள்களில் நீர் போதிய அளவு இறங்காததால் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

ஒரு நாள் அவர்களோடு வெளிப்புறப் பாறைவரை நடந்து சென்றிருந்தேன். நீர் இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. எங்களோடு இருந்த மூத்த பெண்மணி, கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, எல்லோரையும் கரைக்குத் திரும்பச் சொன்னார். காரணம் கேட்டபோது வாயால் விடை சொல்லாமல், காலடியில் இருந்த கடற்புற்களைக் காட்டினார். அதுவரை கடலை நோக்கிப் படிந்திருந்த புல்லிதழ்கள் நிமிர்ந்து நின்றன. சற்று நேரத்தில் அவை கரைப் பக்கமாகச் சாயத் தொடங்கின. மட்டம் உயர்வது கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னரே புல் அதைச் சொல்லிவிடுகிறது.

நாங்கள் திரும்பியபோதுதான் அவருடைய அவசரம் விளங்கியது. ஏறும் நீர் பாறையைத் தாண்டி நேராக முன்னால் வருவதில்லை. பாறைத் தொடரில் ஆங்காங்கே உள்ள இடைவெளிகள் வழியாக உள்ளே புகுந்து, காயலின் நடுவிலுள்ள ஆழமான பள்ளங்களைத்தான் முதலில் நிரப்புகிறது. வெளிப்பாறையின் மேட்டில் நிற்பவரின் கால்கள் இன்னும் உலர்ந்திருக்கும்போதே, அவருக்கும் கரைக்கும் இடையில் இடுப்பளவு நீர் ஓடிக்கொண்டிருக்கும். போகும்போது கணுக்காலளவே இருந்த இடத்தை நாங்கள் தொடையளவு நீரில் கடந்து வந்தோம்.

நீர் ஏறும் வேகமும் சீரானதன்று. மாலுமிகள் பயன்படுத்தும் பன்னிரண்டில் பங்கு என்னும் கணக்கின்படி, ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கும், மூன்றாம், நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும் ஏறும். பிறகு வேகம் அதே முறையில் தணியும். 4 மீட்டர் ஓதத்தில் முதல் மணியில் ஏறுவது சுமார் 33 சென்டிமீட்டர். மூன்றாம் மணியில் மட்டும் ஒரு மீட்டர். முதல் மணியின் மெதுவான ஏற்றத்தைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்பவர்களே பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

தென்மேற்கு மடகாஸ்கரில் களப்பணியில் இருந்தவர்:

மேலே நண்பர் குறிப்பிட்ட பாறை இடைவெளிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நடந்து செல்பவரைவிடப் படகில் செல்பவருக்கு அவை பெரிய விஷயம்.

நான் இருந்தது வேசோ மீனவர்கள் வாழும் ஆந்தவதுவாகா பகுதியில். பேய்க்கணவாய் பிடிப்பதைக் குறிப்பிட்ட பாறைப்பகுதியில் சில மாதங்கள் நிறுத்திவைத்து மீண்டும் திறக்கும் முறை 2004 இல் அங்கே தொடங்கியது. திறப்பு நாளைப் பெரிய ஓதத்தின் கீழ்மட்டத்தோடு பொருந்துமாறுதான் வைப்பார்கள். இல்லையெனில் பாறைப் பொந்துகளைக் காலால் நடந்து சென்றடைய முடியாது. அன்று காலை ஊரே கையில் ஈட்டியோடு பாறைமேல் இருக்கும்.

ஒருமுறை பாய்மரப் படகில் வெளிக்கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காற்று சாதகமாக இருந்தது, கரையும் தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் படகோட்டி பாறை வாயிலுக்கு வெளியே பாயைச் சுருக்கி, வெகு நேரம் காத்திருந்தார். படகில் இருந்த வெளியூர்க்காரர்கள் பொறுமை இழந்தனர். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. வாயிலைப் பார்த்தபோது மட்டும், அங்கே அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுந்து உடைவதும், அதற்கு இருபுறமும் கடல் ஓரளவு ஒழுங்காக இருப்பதும் தெரிந்தது.

காரணம் இதுதான். நீர் இறங்கும்போது காயலில் உள்ள நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாயில் வழியாகவே வெளியேற வேண்டும். அதோடு, பாறைமேல் இடைவிடாமல் உடையும் அலைகள் உள்ளே கொட்டும் நீரும் வெளியேற அதே வழிதான். ஆகவே அலை பெரிதாக உள்ள நாளில், ஓதம் ஏறத் தொடங்கிய பின்னரும் சிறிது நேரம் வாயிலில் ஓட்டம் கடலை நோக்கியே இருக்கக்கூடும். வெளியே பாயும் அந்த ஓட்டத்தை எதிர்கொள்ளும் அலையின் நீளம் குறுகி உயரம் கூடுகிறது. அந்தக் கரையில் பிற்பகலில் தெற்கிலிருந்து வலுக்கும் காற்றும் சேர்ந்துகொண்டால், ஒற்றை மரத்தில் குடைந்த படகுக்கு அது கடக்கத்தக்க இடமன்று. ஓதம் நன்றாக ஏறி, வாயிலில் நுரை அடங்கிய பிறகே எங்கள் படகு உள்ளே நுழைந்தது. ஓத அட்டவணையில் கீழ்மட்டத்தின் நேரம் இருக்கும். வாயிலில் ஓட்டம் திரும்பும் நேரம் இருக்காது.

வியட்நாமின் வடகரையில் சிலகாலம் இருந்தவர்:

இருவரும் சொன்னவை ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும் கரைகளுக்குப் பொருந்தும். எல்லாக் கரையும் அப்படியன்று. டொங்கின் வளைகுடாவில், ஹாய்போங்கை அடுத்த தோ சோன் பகுதியில், பெரும்பாலான நாள்களில் நீர் ஒருமுறைதான் ஏறுகிறது, ஒருமுறைதான் இறங்குகிறது. சிப்பி அள்ளுபவர்கள் சேற்றுப்பரப்பில் அவ்வளவு நீண்ட நேரம் நிதானமாக வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

இன்னும் வியப்பானது, அங்கே அமாவாசையும் பௌர்ணமியும் முதன்மையான கணக்காக இல்லை என்பது. நிலவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ மிக விலகி நிற்கும் நாள்களில் ஓதம் பெரிதாகிறது. சில வேளைகளில் 4 மீட்டரை எட்டும். நிலவு நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாள்களில் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. இந்த விந்தை பழைய காலத்திலேயே கவனிக்கப்பட்டது. டொங்கின் ஓதம் பற்றி மாலுமி பிரான்சிஸ் டேவன்போர்ட் தந்த குறிப்பை வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1684 இல் வெளியிட்டார். நியூட்டன் 1687 இல் வெளியான தம் நூலில், இரு வேறு வழிகளில் வந்துசேரும் ஓதங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் இப்படி நிகழ்கிறது என்று விளக்கினார். வளைகுடாவின் நீளமும் ஆழமும் நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஓதத்தோடு ஒத்ததிர்வதே முதன்மைக் காரணம் என்பது பிற்கால விளக்கம்.

எனவே, முழுநிலவைப் பார்த்து ஓதத்தைக் கணிக்கும் பழக்கத்தை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

கப்பல் பொறியாளர்:

மார்ஷல் தீவுகளின் மஜுரோவுக்குச் சூரை மீன் ஏற்றும் கப்பலில் சென்றிருக்கிறேன். அந்த வளையத்தீவு, கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு குறுகிய நிலத்துண்டு. காற்றே இல்லாத, வானம் தெளிந்த ஒரு காலையில், கடற்பக்கத்து அலை சாலையைக் கடந்து கற்களையும் மணலையும் கொட்டியிருந்ததைப் பார்த்தேன். அட்டவணையின்படி அன்றைய ஓதம் பெரியதுதான், ஆனால் இவ்வளவு தொலைவு வர அது போதாது. அங்கிருந்த ஒரு மீனவர், முந்தைய நாளே அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் நீண்டுவிட்டதைக் கவனித்துப் படகை மேலே இழுத்துவிட்டதாகச் சொன்னார்.

வெகுதொலைவில் எழுந்த புயலின் அலைகள் அவை. 16 விநாடி இடைவெளி கொண்ட அலைக்கூட்டம் ஆழ்கடலில் ஒரு நாளில் 1,000 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக நகரும். ஆகையால் புயல் எந்தத் திசையில் இருந்தது என்பதே தெரியாத ஊரில் இரண்டு மூன்று நாள்கள் கழித்து அலை மட்டும் வந்து சேர்கிறது. 2008 டிசம்பரில் இப்படித்தான் மார்ஷல் தீவுகள் முதல் பாப்புவா நியூகினி வரை பல தீவுகளில் கடல் புகுந்தது. கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் கள்ளக்கடல் என்று சொல்லப்படுவதும் இதே வகைதான். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் இப்போது அதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை இவற்றில் எதையும் காட்டாது. அது நிலவையும் சூரியனையும் மட்டுமே கணக்கிட்டது.

சான்சிபாரின் கிழக்குக் கரையில் பணியாற்றியவர்:

வியட்நாம் பற்றி எழுதியவருக்கு நன்றி. நாளுக்கு ஒருமுறை மட்டும் ஏறி இறங்கும் ஓதத்தை நான் நேரில் பார்த்ததில்லை.

எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கேட்டவருக்கு: கீழ்மட்ட நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வெளிப்பாறையை விட்டு நகர்ந்துவிடுவது அங்கிருந்த பெண்களின் வழக்கம். சான்சிபாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுவாகிலி வழக்கில் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை பத்து மணி அவர்களுக்கு நான்காம் மணி. ஊர்க்காரர் ஒருவர் நான்கு மணிக்கு நீர் அடிமட்டத்தில் இருக்கும் என்று சொன்னதைக் கேட்டு, பெரிய ஓத நாளில் மாலை நான்கு மணிக்குப் பாறைக்கு நடக்கக் கிளம்பிய ஒருவரை நான் கரையிலேயே நிறுத்த நேர்ந்தது. அந்த நேரத்தில் நீர் ஏறக்குறைய உச்சத்தில் இருந்தது.

காலணியைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். காயல் முழுவதும் கடல்முள்ளெலிகள் உண்டு. தடித்த அடிப்பாகம் உள்ள, குதிகாலைப் பற்றிக்கொள்ளும் காலணி வேண்டும். சாதாரணச் செருப்பு அந்தச் சேற்றில் முதல் நூறு அடிக்குள் கழன்றுவிடும்.