புதுப்பிப்பு: பனியன் துணியில் தையல் விட்டுப்போன சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டிருந்தது: பனியன் துணியின் ஓரத்தை மடித்துத் தையல் மெஷினில் தைத்தால் தையல் விட்டு விட்டு விழுகிறது, ஓரமும் அலையலையாக நெளிகிறது.

தையல் விட்டதற்குக் காரணம் ஊசிதான், டென்ஷன் (நூலின் இறுக்கம்) இல்லை. சாதாரண ஊசி மேலே ஏறும்போது இழுபடும் துணியும் கூடவே எழும்பும். நூல் வளையம் சரியாக விரியாது, மெஷினின் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கி அதைத் தவறவிடும். இழுபடும் துணிக்கான ஸ்ட்ரெட்ச் ஊசி (அளவு 75/11) போட்டதும் ஒரு தையல்கூட விடவில்லை. அதன் முனை உருண்டை, காதுக்குப் பின்னாலுள்ள பள்ளமும் ஆழம். கொக்கி நெருங்கி வந்து நூலைப் பிடிக்கிறது.

நெளிவுக்கு: துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து, ஜிக்ஜாக் அகலம் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. வைத்தாயிற்று. துணியைப் பின்னாலிருந்து இழுக்கவே கூடாது, பாதி நெளிவு அதனால்தான் வருகிறது. மிச்சத்துக்கு நீராவி இஸ்திரி போதும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.