குதிகால் எழும்புகிற ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி): பயிற்சியாளர்களே, உங்களுக்கு வாய்த்த ஆள் யார்?

பாம்பன் ஃபிட்:
கரைவலை இழுக்கிற அண்ணன் ஒருத்தர். ஸ்குவாட்டில் பாதி இறங்குவதற்குள் இரண்டு குதிகாலும் எழும்பிவிட்டன. அழுத்திப் பதித்தால் மல்லாந்து விழப் போனார். குதிகாலுக்கு அடியில் பிளேட் (எடைத்தட்டு) வைத்தேன், ஒழுங்காக உட்கார்ந்தார். எழுந்து கேட்டார்: "வலைக்கயிறு கையில இருந்தா இதைவிடக் கீழ உக்காந்து இழுப்பேன் தம்பி. இங்க மட்டும் ஏன் விழுறேன்?" இன்னும் குடைகிறது அந்தக் கேள்வி.

கீழக்கரை டம்பெல்:
பதில் கயிற்றிலேயே இருக்கிறதே அண்ணே. கயிறு தாங்குவதால் இடுப்பைப் பின்னால் தள்ளலாம், முழங்கால் முன்னே வர வேண்டியதில்லை. வெறுங்கை என்றால் வரணும், அதற்குக் கணுக்கால் மடங்கணும். நெஞ்சோடு ஒரு டம்பெல் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பிளேட்டை மட்டும் நம்பினால் கணுக்கால் அப்படியேதான் கிடக்கும்.

மண்டபம் கோச்:
என்னிடம் வந்தவர் பாசி எடுக்கிற அக்கா. பாறையில் ஒரே கால் திரும்பத் திரும்ப உட்பக்கமாகப் பிரண்டு, வெளிப்பக்கத் தசைநார் சுளுக்கு. வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடச் சொன்னேன். விரல்கள் தரையைப் பிறாண்டின, கணுக்கால் இடமும் வலமும் துடித்தது. "தண்ணிக்குள்ள பாறையில நிக்கிற மாதிரியே இருக்கு தம்பி" என்று சிரித்தார். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

தேவிபட்டினம் ஃபிசியோ:
பிளேட்டா டம்பெல்லா என்று சண்டை எதற்கு? முதலில் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பாருங்கப்பா. சுவரைப் பார்த்து நிற்க வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடையே 10 சென்டிமீட்டர் கிட்டே வந்தால் பரவாயில்லை. இரண்டு காலுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பதையும் பார்க்கணும். பாத உள்வளைவு சரிந்து முழங்கால் உள்ளே போனால் அந்த அளவு கணக்கில் வராது. கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் பதிந்திருக்கணும்.

அப்புறம், முழங்காலை நீட்டினால் மட்டும் இறுகுகிறதா? அது மேல் கெண்டைத்தசை. மடக்கியும் பின்னால் இறுகினால் அதற்கு அடியிலுள்ள சோலியஸ் தசை. பின்னால் இழுத்தால் ஸ்ட்ரெச் கொடுக்கலாம். கணுக்காலின் முன்பக்க மடிப்பில் குத்தினால் மூட்டு முட்டுகிறது என்று சந்தேகப்படணும், அழுத்தி ஸ்ட்ரெச் செய்யக் கூடாது. மண்டபம் தம்பி, அந்த அக்காவுக்குக் கண்ணைத் திறந்தபடியே ஆரம்பியுங்கள், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். ஒற்றைக்கால் நிற்பு நன்றாகப் பழகிய பிறகு எடை தூக்கலாம்.