மிரர்லெஸ் கேமரா: 'ஆடியிலி' என்னும் சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

உள்ளே ஆடி (mirror) இல்லாத, வில்லையை (lens) மாற்றத்தக்க மிரர்லெஸ் கேமராவுக்குத் தமிழில் 'கையடக்கப் படக்கருவி' என்னும் பெயர் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டுள்ளது. அதைக் கையில் எடுத்தவுடன் சிறிய வடிவம்தான் மனத்தில் படுகிறது என்பது உண்மையே. ஆனால் அந்தச் சிறிய வடிவம் ஆடி இல்லாததன் விளைவே தவிர இக்கருவியின் இலக்கணம் அன்று. ஆடி வழியே காட்சியைக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில், வில்லைக்கும் படத்தைப் பதியும் உணரிக்கும் (sensor) நடுவே சாய்வாக ஓர் ஆடி நிற்கிறது. படமெடுக்கும்போது அது மேலெழுந்து இறங்க இடம் வேண்டும். ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008-இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் மிரர்லெஸ் கேமரா முறையை அறிவித்தபோது, முந்தைய ஃபோர் தேர்ட்ஸ் எஸ்எல்ஆர் முறையின் உணரி அளவை மாற்றாமலேயே, வில்லை பொருந்தும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையிலான தொலைவை 38.67 மி.மீ.யிலிருந்து 19.25 மி.மீ.யாகக் குறைக்க முடிந்ததற்கு ஆடி நீங்கியதே காரணம். மேலும், 36×24 மி.மீ. முழுச்சட்ட (full-frame) உணரி கொண்ட மிரர்லெஸ் கேமராவில், தொலைவில் உள்ளதைப் படமெடுக்கும் பெரிய வில்லை ஒன்றைப் பொருத்தித் தோளில் மாட்டியவர் அதைக் கையடக்கம் என்று சொல்லமாட்டார்.

'கண்ணாடியில்லாக் கேமரா' என்பதையும் நான் ஏற்கவில்லை. மூக்குக்கண்ணாடி, சன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி என எல்லாவற்றுக்கும் அச்சொல் ஓடுகிறது, வில்லையும் கண்ணாடிதானே! குழியாடி, குவியாடி என்று பள்ளிப் பாடநூல்களிலேயே 'ஆடி' நிலைபெற்றிருப்பதால் 'ஆடியிலி' என்பதே என் பரிந்துரை. 'அறிவிலி' போல இதுவும் வசையாக ஒலிக்கிறது என்றார் ஒருவர். கணக்கில் 'முடிவிலி' எவரையும் உறுத்தவில்லையே.

இல்லாததை வைத்துப் பெயரிட்ட 'கம்பியில்லாத் தந்தி' வழக்கொழிந்தது என்று உரையாடலில் எழுந்த எச்சரிக்கை கனமானது. ஆயினும் இந்தக் கருவியின் நிறைகுறைகள் பலவும் அந்த இன்மையிலிருந்தே கிளைக்கின்றன. வீணைக் கச்சேரியில், ஆலாபனை இழையும் நேரத்தில், எஸ்எல்ஆரின் ஆடி 'சடக்' என்று அடித்து முன்வரிசையே திரும்பிப் பார்த்ததை நான் அனுபவித்திருக்கிறேன். மின்னணு மூடியோடு (electronic shutter) இயங்கும் ஆடியிலியில் அந்த ஓசையே இல்லை. வெளிச்சம் கூடுமா குறையுமா என்பதையும் சொடுக்குவதற்கு முன்பே காட்சிகாணில் (viewfinder) பார்த்துவிடலாம். அதற்கு விலையும் உண்டு. காட்சியைக் காட்ட உணரியும் திரையும் ஓயாமல் விழித்திருப்பதால் மின்கலம் விரைவில் தீர்கிறது. கடற்கரையில் ஒருமுறை வில்லையை மாற்றியபோது, மறைக்க ஆடி இல்லாத உணரி காற்றுக்கு நேரே திறந்து கிடந்தது. உணரியில் ஒட்டிய தூசியால், அன்று எடுத்த படங்களின் வானத்தில் எல்லாம் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் மங்கிய ஒளியில் படத்தில் இரைச்சல் புள்ளிகள் (noise) கூடுவதை மட்டும் ஆடியின் கணக்கில் எழுதக் கூடாது. அதன் உணரி 17.3×13 மி.மீ.; பரப்பில் முழுச்சட்ட உணரியின் கால் பங்கை ஒட்டியது. வில்லைகள் இலேசாக அமைவதும் பெரும்பாலும் அதனால்தான். ஆடி இன்மையின் விளைவையும் சிறிய உணரியின் விளைவையும் ஒரே சொல்லில் கலந்துவிட வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. கைப்பேசிக் கேமராவிலும் ஆடி இல்லை. எனவே அகராதிப் பதிவில் 'வில்லை மாற்றத்தக்க ஆடியிலிப் படக்கருவி' என முழுப்பெயரும், வழக்குக்கு 'ஆடியிலி' எனக் குறும்பெயரும் தரலாம். அப்படியானால் எஸ்எல்ஆரை 'ஆடிப் படக்கருவி' என்பதா, 'எதிரொளிப்புப் படக்கருவி' என்பதா? எனக்கு முன்னது பிடித்திருக்கிறது. ஒளிப்படக் கலைஞர்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.