மயில் அகவும் மானிடோபா ஊர்: சூரிஸ் போய்வந்தவர்களின் அனுபவங்கள்

பிராண்டன்வாசி

போன கோடையில் அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தார். நான் இருக்கும் பிராண்டன், கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஒரு நகரம். இங்கே காட்ட வேண்டியதெல்லாம் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டது. சரி, தொங்கு பாலமாவது காட்டுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரிஸுக்குக் கூட்டிப் போனேன். இங்கிருந்து 45 கிலோமீட்டர்தான். வழி நெடுக மஞ்சளாகக் கனோலா பூத்திருந்தது. அம்மா கடுகு என்றே முடிவு செய்துவிட்டார். கடுகுக் குடும்பம்தான் என்பதால் நானும் மறுக்கவில்லை.

ஆற்றைப் பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்றார். காவிரிக்கரையில் வளர்ந்தவருக்கு அப்படித்தான் தோன்றும். கலங்கலான தண்ணீர், சோம்பலாக ஒரு ஓட்டம். ஆற்றுக்கும் சூரிஸ் என்றுதான் பெயர். பிரெஞ்சில் 'சூரி' என்று உச்சரிப்பார்கள், எலி என்று பொருள். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இதையே எலி ஆறு என்கிறார்கள். பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானில் பிறந்து, அமெரிக்காவுக்குள் இறங்கி, மைனாட் நகரைச் சுற்றி மறுபடி வடக்கே திரும்பி மானிடோபாவுக்குள் வருகிற ஆறு இது. கடைசியில் அசினிபோயின் ஆற்றில் கலக்கிறது.

பாலத்தில் பாதி தூரம் போனதும் பலகை ஆடியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அப்போது எங்கிருந்தோ மயில் அகவும் சத்தம்! இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜனவரியில் மைனஸ் முப்பது போகிற ஊரில் மயிலா? அம்மா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எதிரே நாயோடு வந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். விக்டோரியா பூங்காவில் மயில்களை வளர்க்கிறார்களாம், அவை இஷ்டத்துக்கு ஊர் சுற்றுமாம். அவர்தான் பாலத்தின் கதையையும் சொன்னார். ஊருக்கு முதலில் பிளம் கிரீக் என்று பெயர். 1880களின் தொடக்கத்தில் ஒன்டாரியோவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து குடியேற்றியவர் சௌடன் என்பவர். 'ஸ்குவயர்' (பண்ணையார்) என்றே எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்களாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் நிலத்தை மனை போட்டு விற்க, 1904ல் அவர் கட்டிய பாலம் இது. ரியல் எஸ்டேட்காரர்கள் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது!

"இது மூன்றாவது பாலம். இரண்டாவதை நாங்களே வெட்டிவிட்டோம்" என்றார் பெரியவர். அந்தக் கதை நீளம், அப்புறம் எழுதுகிறேன். வேறு யாராவது போயிருக்கிறீர்களா?

வின்னிப்பெக்கிலிருந்து ஒருவர்

நாங்கள் போனது கல்லுப் பொறுக்க. ஊருக்கு வெளியே ஒரு பெரிய சரளைக் குழி இருக்கிறது. பனியாறுகள் எங்கெங்கோ இருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட கற்கள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன: அகேட், ஜாஸ்பர் என்கிற வண்ணக் கற்கள், கல்லாகிப்போன மரத்துண்டுகள். அனுமதிச் சீட்டு எடுத்துவிட்டுப் போய் நாங்களே தேட வேண்டும்.

என்ர மனிசி முதலில் காருக்குள் இருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலத்தில் அவளும் இறங்கிவிட்டாள். நான் ஆசையாகப் பொறுக்கிய பத்துப் பதினைந்து கல்லைக் கடையிலிருந்தவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "நல்ல கல். தோட்டத்துக்குப் போடலாம்" என்றார். சின்னவன் சப்பாத்தால் தட்டிவிட்ட ஒன்றுதான் உண்மையான அகேட். அதை நனைத்துப் பார்க்கச் சொன்னார். ஈரத்தில்தான் வரி தெரியும். அன்றிலிருந்து வீட்டில் எந்தக் கல்லைக் கண்டாலும் சின்னவன் எச்சில் தொட்டுப் பார்க்கிறான்.

இரவுப் பணி

நான் அந்தப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். எந்த இல்லம் என்று சொல்ல வேண்டாம். அங்கே தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி, தூக்கம் வராத இரவுகளில் பேசிக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் பாலத்தைத் தாண்டித்தான் கடைத்தெருவுக்குப் போவாராம். பெண்கள் நடுவில் வரும் நேரம் பார்த்து, பையன்கள் இரண்டு முனையிலும் நின்று குதித்து ஆட்டுவார்களாம். "அப்படி ஆட்டினவனைத்தான் கட்டிக்கொண்டேன்" என்பார். வாரம் ஒருமுறையாவது இதைச் சொல்வார், நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பேன்.

அவருடைய மகள் அக்டோபரில் என்னை ஊர்ச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அறுவடை முடிந்ததும் இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் எல்லாம் நடப்பது. சர்ச்சுக்கோ ஊர் மண்டபத்துக்கோ பணம் சேர்க்க, வீட்டுக்கு வீடு சமைத்துக் கொண்டுவருவார்கள். நீள மேசைகள், வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, அதன் மேல் கறிச்சாறு. நான் சைவம். அது தெரிந்ததும் சமையலறையில் ஒரு மாநாடே நடந்தது. கறிச்சாறு படாத உருளைக்கிழங்கும், முட்டைக்கோஸ் சாலடும், 'பை' (pie) என்கிற இனிப்புப் பண்டம் மூன்று வகையும் வந்தன. பரங்கிக்காய்ப் பையை ஒரு அம்மா "இது முழுக்கக் காய்கறி" என்று தட்டில் இரண்டாவது தடவையும் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த விவசாயிகளின் பேச்சு முழுவதும் மழை, கனோலா விலை, யார் நிலத்தை யார் வாங்கினார்கள் என்பதுதான். மொழியை மாற்றினால் எங்கள் மன்னார்குடி டீக்கடை.

லாரிக்காரன்

எல்லோரும் ஒரு நாள் போய்வந்தவர்களாகவே பேசுகிறீர்கள். நான் அந்த ஆற்றோரத்தில் வேறொரு ஊரில் எட்டு மாதம் குடியிருந்தேன். எலிவேட்டர் என்கிற உயரமான தானியக் கிடங்குக்குத் தானியம் ஏற்றும் வேலை. ஆட்கள் தங்கமானவர்கள், இல்லை என்று சொல்லவில்லை. பெட்ரோல் பங்கில் நாலாவது நாளே என் பெயரைத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆனால் சாயங்காலத்துக்கு மேல் ஊர் அடங்கிவிடும். ஒரு கொத்தமல்லிக்கட்டு வேண்டுமென்றால் பிராண்டன் போக வேண்டும். குளிர்காலத்தில் கர்லிங் (பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடும் ஆட்டம்) ஆடப் போகாதவனுக்குப் பேச்சுத்துணையே கிடையாது. நான் போகவில்லை, அது என் தப்பு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கூட்டாகச் சேர்வதில் இந்த ஊர்க்காரர்களை மிஞ்ச முடியாது. சூரிஸுக்குக் கீழே அதே ஆற்றங்கரையில் வவனேசா என்று ஒரு சிற்றூர். கதிரடிக்கும் இயந்திரத்துக்குக் காப்பீடு கட்டுப்படியாகவில்லை என்று 1896ல் அங்கே விவசாயிகள் சிலர் சேர்ந்து தாங்களே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இன்று நாடு முழுவதும் கார், வீடு என்று காப்பீடு விற்கிற வவனேசா அதுதான்.

பிராண்டன்வாசி

லாரிக்காரன், கூட்டாகச் சேர்வது பற்றி நீங்கள் சொன்னதிலிருந்தே, பாலத்தை வெட்டிய கதையைத் தொடர்கிறேன்.

2011ல் சஸ்காச்சுவானில் பனியும் அதிகம், கோடை மழையும் அதிகம். மேலே அணைகள் நிரம்பிவிட்டன. ஜூன் கடைசியில் மைனாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அத்தனை தண்ணீரும் அடுத்து சூரிஸுக்குத்தான் வரும். ஆனால் சமவெளி ஆறு மெதுவாகத்தான் நகரும். வருவது தெரியும், வந்து சேரச் சில நாள் ஆகும். அந்த நாட்களைத்தான் பெரியவர் அதிகம் பேசினார். டிவியில் மைனாட்டின் கூரைகளைப் பார்ப்பது, போய் மணல் மூட்டை கட்டுவது, திரும்பி வந்து மறுபடி டிவி. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள், ராணுவமும் வந்தது.

தண்ணீர் பாலத்தைத் தொடும் உயரத்துக்கு ஏறியது. 1976 வெள்ளத்தில் முதல் பாலம் போனதை நேரில் பார்த்தவர் அவர். இந்த முறை பயம் பாலத்துக்காக இல்லை. பாலத்தை ஆறு இழுத்தால், அது கரையையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும். கரை போனால் ஊர் போச்சு. ஜூலை தொடக்கத்தில் கம்பி வடங்களை வெட்டினார்கள். ஊர் தப்பியது.

"அழுதீர்களா?" என்று அம்மா கேட்கச் சொன்னார். எனக்குக் கேட்கவே கூச்சம். ஆனாலும் மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "இல்லை. மறுநாளும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது" என்றார். புதுப் பாலம் 2013ல் திறந்தது. நீளம் 184 மீட்டர், பழையதைவிடக் கொஞ்சம் அதிகம். பழையது இன்னும் நன்றாக ஆடும் என்று அவருக்கு ஒரு குறை.

அம்மா இப்போது திருச்சியில். வாரம் ஒருமுறை பேசும்போது பனி விழுந்ததா என்று கேட்பார். விழுந்தது என்றால் அடுத்த கேள்வி, "அந்த மயில் எங்கே இருக்கும்?"