ஒரே வாசலில் கடையும் பாரும்: ஒரு புள்ளியா, இரண்டா?

பள்ளத்தூரான்:
இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறேன். ஓய்வு நேரத்தில், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் கடைகளைப் புள்ளியாகக் குறிக்கிறேன். இங்கே ஒரு பீர்க் கடை: சுவர் முழுக்க பாட்டில் அடுக்கு, நடுவே நான்கு மேசை, மூலையில் பீப்பாயிலிருந்து ஊற்றியும் தருகிறார்கள். மதுக்கடை என்று குறித்தேன்; இன்னொருவர் பப் (உட்கார்ந்து குடிக்கும் இடம்) என்று மாற்றிவிட்டார். எது சரி?

தேவகோட்டை ரஸ்தா:
இரண்டு புள்ளி வையுங்கள். காரைக்குடிப் பக்கம் டாஸ்மாக்கையும் ஒட்டியிருக்கும் பாரையும் அப்படித்தான் குறிக்கிறேன். கடை அரசுடையது, பகல் 12 முதல் இரவு 10 வரை. பாரோ, டெண்டர் எடுத்தவருடையது. கம்பி வலைக்குள் கைநீட்டி பாட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், அங்கே தண்ணீர், டம்ளர், சுண்டல்தான் வியாபாரம்.

கடியாபட்டி:
ரஸ்தா அண்ணன் சொல்வது நம் ஊர்க் கணக்கு. நம்மிடம் இரண்டு முதலாளி, இரண்டு கல்லா. அங்கே ஒரே கல்லா. அந்த நாட்டின் 2003 உரிமச் சட்டப்படி, உள்ளே குடிக்கவும் வெளியே எடுத்துப்போகவும் ஒரே உரிமத்தில் விற்கலாம். நிஜத்தில் இருக்கும் ஒன்றுக்கு ஒரே குறி என்பது இந்த வரைபடத்தின் வழக்கம். கடையைப் பிளக்காதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
பாட்டில் வாங்க வருகிறவர் பப் சின்னத்தைப் பார்த்து வேறு கடை தேடிப் போவாரே, தம்பி?

ஆத்தங்குடி:
பப் என்றால் பெரிய கூடமாக இருக்க வேண்டியதில்லை. அதே கென்ட்டில் ஹெர்ன் என்ற ஊரில் 2005இல் ஒரு பழைய இறைச்சிக் கடையில்தான் முதல் மைக்ரோபப், அதாவது மிகச் சிறிய பப், தொடங்கியது. இடத்தின் அளவை விடுங்கள். வருகிறவர்கள் உட்காருகிறார்களா, பையோடு கிளம்புகிறார்களா?

பள்ளத்தூரான்:
வெள்ளி, சனி மாலையில் உட்கார இடம் கிடைக்காது. மற்ற நாள்களில் பைதான்.

தேவகோட்டை ரஸ்தா:
நல்லது, கிழமைக்கு ஒரு சின்னம் போடுங்கள்!

கடியாபட்டி:
வாரத்தில் ஐந்து நாள் கடை என்றால் அது கடைதான். மதுக்கடை என்றே வைத்து, உள்ளே அமர்ந்து அருந்தலாம் என்று அதே புள்ளியில் எழுதுங்கள். அதற்கு முன் மாற்றியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; ஆளுக்கொரு முறை திருத்திக்கொண்டிருந்தால் முடியாது.

ஆத்தங்குடி:
மேசை போட்டு பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுப்பதை மளிகைக் கடைக்காரர் செய்வாரா? நான் பப் என்றே சொல்வேன்.

தேவகோட்டை ரஸ்தா:
கென்ட்டில் எப்படியோ குறித்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் என் இரண்டு புள்ளிகளில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.