248 நாள் சுழற்சி: பாபிலோனிலிருந்து வந்ததா, வானத்திலிருந்து வந்ததா?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்):
அனைவருக்கும் வணக்கம். தமிழர் கிரகணக் கணிதம் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை (நிலவின் நிலைக்கான எண்களைச் சொற்களில் அடக்கிய தொடர்கள்) கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன் பதிவு செய்துள்ளார். இம்முறையில் வரும், நிலவின் வேக மாற்றம் மறுபடியும் தொடங்கும் 248 நாள் சுழற்சியை அறிவியல் வரலாற்றாய்வாளர் ஓட்டோ நொய்கபவர் 1952இல் பாபிலோனிய வானியலோடு தொடர்புபடுத்தினார். ஓர் எண் ஒத்துப்போவது மட்டுமே அறிவுப் பரிமாற்றத்துக்குச் சான்றாகுமா?

மறுமொழி (ஜார்ஜ் டவுன், பினாங்கு):
ஆகாது என்பதே என் கருத்து. புவிக்கு மிக அருகில் வரும் நிலவு மறுபடியும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27.5546 நாள் ஆகிறது. ஒன்பது சுற்றுக்கு 247.99 நாள். தலைமுறை தலைமுறையாக நிலவைக் குறித்து வைத்த எந்தச் சமூகத்துக்கும் 248 தானாகவே அகப்பட்டிருக்கும். 110 சுற்றுக்கு 3031 நாள். அதிலும் பிசிறு ஏறக்குறைய இல்லை. வானமே எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் எண்ணுக்கு ஒருவரை உரிமையாளராக்குவது சரியன்று.

மறுமொழி (செந்தூல், கோலாலம்பூர்):
பினாங்கு நண்பர் சொல்வது எண்ணளவில் சரி. ஆனால் நொய்கபவரின் வாதம் எண்ணோடு நிற்கவில்லை. பாபிலோனியர் நிலவின் அன்றாட வேகம் ஒரே சீராக ஏறி, ஒரே சீராக இறங்குவதாக வைத்துக் கணக்கிட்டனர். உண்மையில் அவ்வேகம் அப்படி மாறுவதில்லை. அது மனிதர் தேர்ந்துகொண்ட எளிமை. ஆறாம் நூற்றாண்டில் இந்திய வானியலாளர் வராகமிகிரர் தம் பஞ்சசித்தாந்திகை நூலில் சுருக்கித் தரும் வாசிஷ்ட சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலில் 248, 3031 ஆகிய எண்களோடு அதே சீரான ஏற்ற இறக்கமும் வருகிறது. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பைரஸ் (நாணல் தாள்) சுவடி ஒன்றிலும் இவ்விரு எண்களும் சேர்ந்தே உள்ளன. வானம் தராத ஒன்று இரண்டு இடங்களில் ஒத்திருந்தால்தான் பரிமாற்றத்தைப் பற்றித் துணிந்து பேச முடியும்.

ஆயினும் பஞ்சாங்கக்காரர் மனப்பாடம் செய்த 248 சந்திர வாக்கியங்களில் அந்தச் சீரான ஏற்ற இறக்கம் இல்லை. அவை சைன் (கோணத்துக்கேற்ப வளைவாக மாறும் முக்கோணவியல் அளவு) அடிப்படையிலான இந்தியக் கணிதத்தால் பெறப்பட்டவை. சுழற்சியை வைத்துக்கொண்டு, அதன் உள்ளே இருந்த கணக்கை முழுதாக மாற்றியிருக்கிறார்கள். உங்கள் ஆய்வேடு "எங்கிருந்து வந்தது" என்பதைவிட இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதில் அதிகப் பக்கங்களைச் செலவிடுவது பயனுள்ளதாக இருக்கும்.

மறுமொழி (பட்டர்வொர்த், பினாங்கு):
துல்லியம் பற்றி எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் காட்டாதீர்கள். 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிப்பு 41 விநாடி குறைந்தது, ஜெர்மானிய வானியலாளர் டோபியாஸ் மேயரின் ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி கூடியது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி எழுதியதை நம் மேடைகளில் விரும்பிச் சொல்வார்கள். வாரன் கண்ட 1825 கணிப்பிலோ தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. அதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.