பாயை விரித்தால் பேச்சு தீரும்வரை சுருட்டக் கூடாது: கிழக்குத் திமோரில் ஊர்ச் சமரசம் நடந்த விதம்

இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரில் 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவை விட்டுப் பிரியவே வாக்களித்தார்கள். அதற்குப் பழிவாங்க இந்தோனேசிய ராணுவத்தின் துணையோடு ஆயுதக்குழுக்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. அந்த ஆண்டில் செத்தவர்கள் சுமார் 1,400 பேர். இரண்டரை லட்சம் பேர் இந்தோனேசியாவின் பகுதியான மேற்குத் திமோர் போனார்கள். பிறகு திரும்பி வந்தவர்களில் பக்கத்து வீட்டுக்குத் தீ வைத்தவனும் இருந்தான். அவனை என்ன செய்வது என்பதற்காக வந்ததுதான் சி.ஏ.வி.ஆர். எனப்படும் வரவேற்பு, உண்மை, நல்லிணக்க ஆணையம். ஐ.நா. இடைக்கால நிர்வாகம் 2001இல் போட்ட சட்டத்தால் வந்தது அது. அலுவலகம் வைத்ததே தலைநகர் டிலியின் பழைய பாலிடே சிறைக்குள்.

அப்போது இருந்த முறைப்படி, தீ வைத்தவன் தானாக வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். என்ன செய்தான், எந்த ஊருக்குச் செய்தான், அரசியல் மோதலோடு அதற்கென்ன தொடர்பு, பொறுப்பை ஏற்கிறானா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் முதலில் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகம் போகும். கொலை, பாலியல் வன்முறை, சித்திரவதை என்றால் அங்கேயே நின்றுவிடும். தீவைப்பு, கொள்ளை, சில்லறை அடிதடி மட்டுமே ஊருக்குத் திரும்பி வரும்.

ஊர் நடுவில் பெரிய பாய் விரிப்பார்கள். அங்கே பேசும் தேத்தும் மொழியில் 'நாஹே பிதி போட்' என்றால் அதுதான் அர்த்தம். 'லியா நாயின்' எனப்படும் பெரியவர் முன்னோரைக் கூப்பிடுவார். வெற்றிலை பாக்கு மெல்லுவார்கள். 3 முதல் 5 பேர் கொண்ட குழு உட்காரும், அதில் பெண்களும் உண்டு. விஷயம் தீரும்வரை பாயைச் சுருட்டுவதில்லை.

* * *

சடங்கு எல்லாருக்கும் பிடித்துப்போகும். கோட்டை விடுவது கேள்வி கேட்கும் கட்டத்தில்தான். "மேலே இருந்தவன் சொன்னான், செஞ்சேன், மன்னிச்சிடுங்க" என்று மூன்று வார்த்தையில் முடிக்கப் பார்ப்பார்கள். விடக் கூடாது. யார் சொன்னது? கூட யார் வந்தது? எந்த வீடு முதலில்? ஆடு மாடு எங்கே போயிற்று? பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியதில் பாதி இந்தப் பதில்கள்தான். இதைத் தாண்டிக் குதித்து வாங்கிய மன்னிப்பு அடுத்த சந்தை நாள்வரை தாங்காது.

ஒப்பந்தத்தில் நான்கு வகை வரலாம்: ஊர் வேலை, இழப்பீடு, பகிரங்க மன்னிப்பு, வருத்தம் காட்டும் வேறு ஏதாவது செயல். "ஊருக்கு உழைப்பேன்" என்று எழுதினால் வெறும் காகிதம். பள்ளிக்கூடமா, வாரத்தில் எந்த நாள், எத்தனை வாரம், வந்தானா என்று பார்ப்பது யார், இவ்வளவும் எழுத வேண்டும். ஏனென்றால் அங்கே அது மாவட்ட நீதிமன்றம் போய் உத்தரவானது. சொன்னதை முடித்தால்தான் வழக்கிலிருந்து விடுதலை, அதுவும் வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்ட செயல்களுக்கு மட்டும். மறைத்ததற்குக் கிடையாது.

* * *

முறை நல்ல முறைதான். 1,371 பேர் இப்படி முடித்தார்கள். ஆனால் மறுபக்கக் கணக்கையும் வையுங்கள். பெருங்குற்ற வழக்குகளில் டிலியில் விசாரிக்கப்பட்டவர்கள் 87, தண்டனை பெற்றவர்கள் 84. குற்றம் சாட்டப்பட்ட இன்னும் 300 பேருக்கு மேல் கைக்கு எட்டாத இடத்தில், பெரும்பாலும் இந்தோனேசியாவில் இருந்தார்கள். இந்தோனேசியா தானே ஜகார்த்தாவில் அமைத்த தனி நீதிமன்றம் 18 பேரை விசாரித்தது. மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்தபோது ஒருவர்கூடக் குற்றவாளியாக மிஞ்சவில்லை. குடிசை கொளுத்தியவன் ஊருக்குப் புல் வெட்டினான், கொளுத்தச் சொன்னவன் தப்பித்தான்.

இதை நம்மூர்ப் பஞ்சாயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காலில் விழச் சொல்லி முடிக்கும் இடங்களில் பெரும்பாலும் விழுவது அடி வாங்கியவர்.

இன்னொன்று. பாயில் உட்கார்ந்துவிட்டதால் மன்னித்தே ஆக வேண்டும் என்று பாதிக்கப்பட்டவருக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு விதவை "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்? அதனால் இப்படிக் கூட்டம் நடத்துகிறவர் முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்டுவிட வேண்டும். உட்கார மனமில்லை என்றால் பாய்க்கு வெளியே ஒரு நாற்காலி போடுங்கள். வந்து கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகட்டும்.